புதிதாக மாடு வாங்கியவருக்குக் கோமாரிப் பாடம்

விடிகாலையில் கறக்கப் போகிறீர்கள். ஆளைக் கண்டதும் எழுந்து நிற்கிற மாடு இன்றைக்குப் படுத்தே கிடக்கிறது. ராத்திரி போட்ட சோளத்தட்டு அப்படியே இருக்கிறது. கிட்டே போனால் வாயை வெறுமனே மென்று சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்கிறது. கடைவாயிலிருந்து எச்சில் நூல்நூலாக இறங்கித் தரையில் தேங்கியிருக்கிறது.

அநேகமாக அது கோமாரி. காணை, கால்காணை, குளம்புவாய் நோய் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் காலையில் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, பின்னால் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எச்சில் வடிவதை நீங்கள் பார்ப்பதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த மாட்டின் மூச்சிலும் பாலிலும் கிருமி வெளியே வரத் தொடங்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதி, நோயே இல்லாத நாட்களைப் பற்றியது.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2013 கடைசியில். அந்த வருடம் தென்மாநிலங்களில் கோமாரி பெரிய அலையாக அடித்தது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மாடு வைத்திருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். சந்தையில் ஒரு கலப்பின மாடு வாங்கி வந்து, அன்று சாயங்காலமே பழைய மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டினேன். ஆறாம் நாள் புது மாட்டுக்குக் காய்ச்சல். பத்தாம் நாள் கட்டுத்தரை முழுக்க நொண்டியது. பெரிய மாடுகள் எப்படியோ தப்பின. நாற்பது நாள் கன்று ஒன்று இருந்தது. அதன் வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. சாயங்காலம் பால் குடித்தது, காலையில் செத்துக் கிடந்தது. அது ஏன் என்று கன்றுக்குட்டி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இது என்ன மாதிரியான நோய்

கோமாரியை உண்டாக்குவது ஒரு வைரஸ். பெரும்பாலும் குளம்பு இரண்டாகப் பிளந்த பிராணிகளைத்தான் பிடிக்கும்: மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, பன்றி, மான். குதிரைக்கும் கழுதைக்கும் வராது. நாய்க்கும் கோழிக்கும் வராது, ஆனால் அவை காலில் ஒட்டவைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கட்டுத்தரைக்குக் கொண்டுபோகும். விலங்கு நோய் ஒன்றுக்கு வைரஸ்தான் காரணம் என்று உலகில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இந்த நோயில்தான். 1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃபிராஷ் என்ற இருவர் காட்டினார்கள்.

வைரஸில் ஏழு வகை உண்டு. நம் நாட்டில் சுற்றுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. சி என்ற நான்காவது வகை 1995-க்குப் பிறகு இந்தியாவில் தென்படவில்லை. இந்தக் கணக்கு உங்களுக்கு எதற்கு என்றால், ஒரு வகை வந்து தேறிய மாட்டுக்கு அடுத்த வகையை எதிர்க்கும் சக்தி கிடைப்பதில்லை. “போன வருசம்தான் வந்து போச்சு, இனி எங்க வரப்போகுது” என்று ஊசியைத் தவிர்ப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

வளர்ந்த மாடு இந்த நோயில் சாவது குறைவு, நூற்றில் ஐந்துக்கும் கீழேதான். அதனால்தான் பலர் இதை அலட்சியமாக நினைக்கிறார்கள். நஷ்டம் வேறு வழியில் வரும். பால் ஒரே நாளில் பாதியாகும், மடிநோய் பிடித்து ஒரு காம்பு அடைத்துப்போகும், சினை கலையும், அடுத்த சினை பிடிக்க மாதக்கணக்காகும். ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினங்களை இது வாட்டுகிற அளவுக்குக் காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகளை வாட்டுவதில்லை. நாட்டு மாட்டுக்கு வரவே வராது என்று அதற்கு அர்த்தமில்லை.

முதல் படி: ஊசி

கோமாரி ஊசி அரசு இலவசமாகப் போடுவது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்குமாக 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2030-க்குள் கோமாரியை நாட்டைவிட்டே ஒழிப்பது குறிக்கோள். பிரிட்டனில் 2001-இல் கோமாரி வந்தபோது ஆடு, மாடு, பன்றி என்று அறுபது லட்சத்துக்கும் மேல் கொன்று நோயை நிறுத்தினார்கள். நாம் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் மாட்டோம். ஊசிதான் நம் வழி.

மாட்டின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை தொங்குகிறதா, அதில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த எண்ணில்தான் ஊசிக் கணக்கு பதிவாகிறது. மாடு வாங்கும்போது விற்பவரிடம் கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று கேளுங்கள். “எல்லாம் போட்டாச்சு” என்று பதில் வந்தால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காதுவில்லை எண்ணைக் காட்டி விசாரியுங்கள்.

கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. நான்கு மாதம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஊசி போட்ட தாயின் சீம்பாலில் எதிர்ப்புச் சக்தி கன்றுக்கு இறங்கியிருக்கும். அது குறைவதற்குள் போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது. ஒரு மாதம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் ஊசி உடம்புக்கு நோயை அடையாளம் காட்டுகிறது, இரண்டாவதுதான் பலத்தைத் தருகிறது. ஒன்றோடு நிறுத்தினால் அரைகுறைப் பாதுகாப்புதான்.

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்து ஊரில் நோய் என்று கேள்விப்பட்ட பிறகு ஓடுவது, வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுவது மாதிரி.

ஊசி நாளில் கவனிக்க வேண்டியவை: மருந்து ஐஸ் பெட்டியில் வந்திருக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. வெயிலில் சூடானாலும் கெட்டது, உறைந்து போனாலும் கெட்டது. மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், கேட்டால் நல்ல பணியாளர்கள் கோபப்பட மாட்டார்கள். இரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். காய்ச்சலாக இருக்கிற மாட்டையும் நிறைமாதச் சினை மாட்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், போடலாமா, தள்ளிவைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.

“ஊசி போட்டா பால் குறைஞ்சிரும்.” இது உண்மைதான். ஓரிரு நாள் கொஞ்சம் குறையும், போட்ட இடத்தில் சின்ன வீக்கமும் வரலாம். அந்த இரண்டு லிட்டரைக் காப்பாற்றப் போய் மாதக்கணக்கில் பாலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் மாட்டுக்கு மட்டும் போட்டால் போதாது. ஊரில் பத்துக்கு எட்டு மாட்டுக்காவது ஊசி ஏறினால்தான் நோய் நுழைந்தாலும் பரவ வழியில்லாமல் அடங்கும். வெள்ளாட்டையும் செம்மறியையும் மறந்துவிடாதீர்கள். ஆட்டுக்குக் கோமாரி லேசாக வந்து போகும். வெறும் நொண்டல்தானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது மாட்டுக்குக் கொடுத்துவிடும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் என்கிற ஆட்டுமந்தைக்காரர்கள் அறுவடைக்குப் பின் தஞ்சை வயல்களுக்குக் கிடை ஓட்டி வருகிறார்களே, அப்படி வரும் மந்தைக்கு ஊசி போட்டதா என்று கேட்டுவிட்டுக் கிடை போடச் சொல்வது நிலத்துக்காரர் வேலை.

இரண்டாம் படி: கட்டுத்தரைக்குள் யார் வருகிறார்கள்

கோமாரி தானாக வருவதில்லை, யாரோ கூட்டி வருகிறார்கள். அந்த யாரோவில் முதலிடம் புது மாட்டுக்கு. ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, மணப்பாறை என்று எந்தச் சந்தையானாலும், ஆடி மாத அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையானாலும், பல ஊர் மாடு ஒரே இடத்தில் நிற்கிறது, ஒரே வண்டியில் ஏறுகிறது. சந்தையைக் குறை சொல்லவில்லை, நம் தொழிலே அதில்தான் ஓடுகிறது. வாங்கி வந்த மாட்டை 21 நாள் தனியே கட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். நோய் உள்ளே இருந்தால் இரண்டிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். மேலே ஒரு வாரம் நம் நிம்மதிக்கு.

இடமில்லை என்பீர்கள். தோட்டத்தின் அந்தக் கடைசியில் ஒரு புளியமரம் இருந்தால் போதும். தனி வாளி, தனிக் கயிறு, தனித் தொட்டி. பழைய மாடுகளின் வேலையை முடித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும், அங்கே போய்விட்டு இங்கே வரக்கூடாது.

இரண்டாமிடம் மனிதர்களுக்கு. தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல் பிடித்துப் பார்ப்பார், எத்தனை பல் என்று சொல்வார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டின் வாய்க்குப் போவார். நினைத்துப் பாருங்கள், கோமாரிக்கு இதைவிட நேர்வழி ஏது? வீடு வீடாகப் போய்க் கறக்கிற கறவைக்காரர், சினை ஊசி போடுபவர், தீவன வண்டி, பால் வண்டி எல்லாம் இதே கணக்குதான். யாரையும் விரட்ட வேண்டியதில்லை. உள்ளே நுழையும் முன் கையும் காலும் கழுவ ஏற்பாடு செய்யுங்கள்.

கழுவ எது நல்லது என்பதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பினாயில் வாசம் நமக்கு நிம்மதி தரும், ஆனால் இந்த வைரஸுக்கு அதை நம்பியிருக்க முடியாது. கோமாரி வைரஸால் புளிப்பையும் தாங்க முடியாது, சோடா மாதிரியான காரத்தையும் தாங்க முடியாது. அதனால் கைக்கெட்டிய மருந்து சலவை சோடா. பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் கரையுங்கள். ஆப்பசோடா வேறு, சலவை சோடா வேறு, கடையில் கேட்டு வாங்குங்கள். வாசலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு இந்தக் கரைசலில் நனைத்து வையுங்கள், வருகிறவர் அதை மிதித்துவிட்டு வரட்டும். செருப்பில் சாணம் ஒட்டியிருந்தால் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், சாணத்துக்குள் இருக்கும் கிருமியை எந்தக் கரைசலும் எட்டாது. வாளி, தொட்டி, கட்டுத்தறி, கயிறு எல்லாவற்றுக்கும் இதே கரைசல். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்ததும் தொட்டியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் தீவனம் போடுங்கள்.

மூன்றாம் படி: அடையாளம் தெரிந்துகொள்வது

வரிசை பெரும்பாலும் இப்படித்தான். முதலில் பால் குறையும். மாடு அசை போடாது. காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறும். மாட்டின் சாதாரணச் சூடு 101.5 பக்கம். வெப்பமானி ஒன்று தனியே மாட்டுக்கென்று வாங்கி, ஒரு நூலில் கட்டி, ஆசனவாயில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். நூல் எதற்கு என்பது ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டால் புரியும்.

அடுத்து வாய். நாக்கின் மேல், ஈறில், உதட்டின் உட்புறம் நீர்க்கொப்புளங்கள் எழும்பும். ஒரு நாளில் உடைந்து தோல் உரிந்து சிவந்த புண்ணாகும். அப்போதுதான் அந்தச் சப்புக்கொட்டும் சத்தமும் எச்சில் நூலும். கூடவே குளம்பிடுக்கிலும் குளம்புக்கு மேல் விளிம்பிலும் கொப்புளம். மாடு காலை மாற்றி மாற்றி வைக்கும், உதறும், எழ மறுக்கும். காம்பிலும் கொப்புளம் வரும், கறக்கப் போனால் உதைக்கும்.

வாயும் காலும் சேர்ந்து கெட்டால் கோமாரியைச் சந்தேகியுங்கள். கால் மட்டும் நொண்டி, வாய் சுத்தமாக இருந்தால் முள்ளோ குளம்பழுகலோ இருக்கலாம். காய்ச்சலோடு நொண்டி மூன்று நாளில் தானே எழுந்தால் அது மூன்று நாள் காய்ச்சல். உடம்பெங்கும் உருண்டை உருண்டையாக வீங்கினால் தோல் கழலை நோய். ஆட்டுக்கு வாய்ப்புண்ணோடு கழிச்சலும் மூக்கொழுகலும் இருந்தால் ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். வாய்ப்புண்ணோடும் கழிச்சலோடும் மாட்டைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதை 2011-இல் உலகத்தைவிட்டே ஒழித்தாயிற்று, ஊசியால்தான். எப்படியானாலும் உறுதி சொல்ல வேண்டியது மருத்துவர். கொப்புளத் தோலோ நீரோ எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார், எந்த வகை என்று அதில்தான் தெரியும். புவனேசுவரத்தில் கோமாரிக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

நான்காம் படி: அந்த முதல் நாள்

எச்சில் வடிவதைப் பார்த்ததும் மாட்டைத் தொடாமல் முதலில் போனை எடுங்கள். உங்கள் கால்நடை மருந்தகத்துக்கோ, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962-க்கோ சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, இப்படிப்பட்ட நோய் என்று சந்தேகம் வந்தாலே தெரிவிப்பது மாட்டுக்காரரின் கடமை. சட்டத்துக்குப் பயந்து சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. சுற்றியுள்ள ஊர்களுக்கு ஊசி போட வேண்டுமென்றால் கால்நடைத் துறைக்காரர்களுக்குத் தகவல் வேண்டும். அந்த ஊசியை வெளி வளையத்திலிருந்து உள்ளே நோக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள், நோய் வந்த வீட்டிலிருந்து தொடங்கினால் ஊசிக்காரரே கிருமியை ஊரெல்லாம் கொண்டுபோனதாகிவிடும்.

பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. “எங்க மாட்டுக்குக் காணைங்க” என்று சொன்னால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்களோ, ஊரில் பேச்சாகுமோ என்ற பயம் இருக்கும். நான் மூன்று நாள் மறைத்தேன். அந்த மூன்று நாளும் எங்கள் மாடும் பக்கத்து வீட்டு எருமையும் ஒரே குட்டையில் தண்ணீர் குடித்தன.

நோய் கண்ட மாட்டை நகர்த்துவதா, நல்ல மாடுகளை நகர்த்துவதா என்று குழம்புவீர்கள். வைரஸ் பரவியிருப்பது நோய் மாடு நின்ற இடத்தில். அதனால் அதை அங்கேயே நிறுத்தி, காய்ச்சல் இல்லாத மாடுகளை வெப்பமானியால் சோதித்துவிட்டுத் தள்ளிக் கட்டுவது நல்லது. இடம் கொடுக்காவிட்டால் நோய் மாட்டை வெளியே கொண்டுபோய், அது நின்ற இடத்தைச் சலவை சோடாவால் கழுவுங்கள். முடிந்தால் ஒரு ஆள் நல்ல மாட்டுக்கு, ஒரு ஆள் நோய் மாட்டுக்கு. ஒரே ஆள் என்றால் நல்ல மாடு முதலில், நோய் மாடு கடைசியில், பிறகு குளியல், துணி மாற்று. கிருமி மனிதர் மூக்கில்கூட ஒரு நாள் வரை தங்கியிருக்கும். அதனால் அன்றைக்கு வேறு யார் கட்டுத்தரைக்கும் போகாதீர்கள், உறவுக்காரர் மாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பாதீர்கள்.

மேய்ச்சல் கிடையாது. பொதுக் குட்டை, பொதுத் தொட்டி கிடையாது. சந்தை கிடையாது, நோய் மாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதும் கிடையாது. மாடு தின்று மிச்சம் வைத்ததை இன்னொரு மாட்டுக்குப் போடாதீர்கள், எரித்துவிடுங்கள். சாணத்தைத் தனிக் குழியில் சுண்ணாம்பு தூவிக் கொட்டுங்கள். கோடை வெயிலில் காய்ந்த சாணத்தில்கூட வைரஸ் இரண்டு வாரம் உயிரோடு இருக்கும், குளிரும் ஈரமும் இருந்தால் இன்னும் நெடுநாள்.

முன்பு சில இடங்களில் நோய் மாட்டின் எச்சிலைத் துணியில் தொட்டு மற்ற மாடுகளின் வாயில் தடவிவிடும் வழக்கம் இருந்தது. எப்படியும் வரப்போவது ஒரே தடவையில் வந்து போகட்டும் என்ற எண்ணம். ஊசி இல்லாத காலத்து யோசனை அது. இன்றைக்குச் செய்தால் கன்றுகளைக் கையால் கொன்ற மாதிரி.

ஐந்தாம் படி: வைத்தியம்

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. “ஒரே ஊசியில சரியாயிரும்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி மருத்துவர் போட்டால், அது புண்ணில் வேறு கிருமி ஏறாமலிருக்க. வலியும் காய்ச்சலும் குறைய மருந்தும் அவர்தான் கொடுக்க வேண்டும். மனிதருக்கு விற்கும் டைக்லோஃபினாக்கை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அது கழுகுகளைக் கொன்றதால் 2006-லேயே கால்நடைக்குத் தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் போல வேறு மருந்து இருக்கிறது.

நம் வேலை புண்ணைச் சுத்தமாக வைப்பதும், மாட்டை எப்படியாவது தின்ன வைப்பதும். வாயைக் காலையும் மாலையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். துளியே போதும், ரோஜா நிறம் வந்தால் சரி, கருஞ்சிவப்பாகப் போட்டால் புண் எரியும். படிகாரத் தண்ணீரும் ஆகும். கழுவிய பின் போரிக் பொடியைக் கிளிசரினிலோ தேனிலோ குழைத்து நாக்கில் தடவுங்கள்.

மூலிகை வழியில் போக விரும்பினால், தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை ஒன்று பல ஊர்களில் புழங்குகிறது. சீரகம், வெந்தயம், மிளகு வகைக்கு 10 கிராம் எடுத்து அரைமணி ஊறவைத்து, 10 கிராம் மஞ்சள்தூள், நான்கு பல் பூண்டு, 120 கிராம் வெல்லத்தோடு அரைத்து, ஒரு தேங்காயைத் துருவிக் கலந்து, நாக்கிலும் மேலண்ணத்திலும் ஒரு நாளைக்கு மூன்று முறை வைப்பது. மூன்றிலிருந்து ஐந்து நாள். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். காலுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள் 20 கிராம், இவற்றை அரைத்துக் கால் லிட்டர் நல்லெண்ணெயில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலைக் கழுவித் துடைத்த பின் புண்ணில் போடுவது. இது புண் ஆற உதவும். ஊசிக்குப் பதில் என்று நினைத்துவிடாதீர்கள்.

கால் புண்ணில் ஈ உட்கார்ந்தால் இரண்டே நாளில் புழு வைக்கும். புழு தெரிந்தால் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து விடுங்கள், அல்லது சீத்தா இலையை அரைத்துக் கட்டுங்கள், வெளியே வரும் புழுவை எடுத்துவிட்டுப் பிறகு மருந்து போடுங்கள். மண்ணெண்ணெய், வண்டி ஆயில், சூட்டுக்கோல் இவையெல்லாம் மாட்டைச் சித்திரவதை செய்வதற்குத்தான் உதவும். நிற்கிற தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சிமெண்டுத் தரையில் நிற்கும் மாட்டின் குளம்பு கழன்றே போவதுண்டு. மணலோ காய்ந்த சருகோ பரப்புங்கள்.

சாப்பாடு. வைக்கோலையும் தட்டையும் எடுத்துவிடுங்கள், புண்ணான நாக்கில் அது முள். ஆறின ராகிக் கூழ், கம்பங்கூழ், அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் வெல்லமும் உப்பும் சேர்த்து வையுங்கள். இளம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடலாம், அகத்திக்கீரை கொடுக்கலாம். வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, வழுக்கிக்கொண்டு இறங்கும். தின்னவில்லையே என்று தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள். தொண்டை புண்ணான மாடு விழுங்கத் திணறும், கஞ்சி நுரையீரலுக்குள் போனால் கோமாரியில் சாகாத மாடு அதில் சாகும். குளிர்ந்த தண்ணீரை எப்போதும் வாய்க்கு எட்டும் தூரத்தில் வையுங்கள், அது எழுந்து வந்து குடிக்காது.

மடி வீங்கினாலும் வலித்தாலும் பாலை உள்ளே விட்டுவைக்காதீர்கள். காம்பைக் கழுவி, வெண்ணெயோ எண்ணெயோ தடவி, மெதுவாக முழுக்கக் கறந்துவிட வேண்டும். மடிநோய் தொடங்குவது இந்த விட்டுவைத்த பாலில்தான்.

கன்றுக்குட்டி

சின்னக் கன்றில் வைரஸ் நேரே இதயத் தசையைத் தாக்கும். கொப்புளம் வரும்வரைகூடக் காத்திருக்காது. கன்று பால் குடிக்க எழும், இரண்டடி வைக்கும், விழும். என் கன்றை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது இதயத்தில் வெளுத்த கோடுகள் ஓடியிருந்தன. புலியின் உடம்பில் இருப்பதுபோலிருக்கும் என்பதால் படிப்பில் அதைப் புலி இதயம் என்கிறார்கள். பரவல் கடுமையாக இருந்தால் கன்றுகளில் பாதிக்கு மேல் போய்விடும்.

அதனால் தாய்க்குக் காய்ச்சல் தெரிந்த நிமிடமே கன்றைப் பிரித்துக் கட்டுங்கள். தாய்ப்பாலை நேரே குடிக்க விடாதீர்கள். நோயில்லாத மாட்டின் பாலைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். கன்றை ஓடவிடாதீர்கள், துரத்திப் பிடிக்காதீர்கள், களைத்தாலே சிலவற்றின் இதயம் நின்றுவிடும்.

செத்தால் தோலுரிக்கக் கொடுக்காதீர்கள். ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அதன் மேல் மண். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளித் தோண்டுங்கள்.

பாலும் மனிதர்களும்

கோமாரி மனிதருக்கு ஒட்டும் நோயல்ல என்றே வைத்துக்கொள்ளலாம், உலகத்தில் எப்போதோ அபூர்வமாக ஒருவருக்கு வந்து தானே போயிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கையிலும் வாயிலும் கொப்புளம் வருகிறதே, அது வேறு வைரஸ், மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காய்ச்சிய பாலில் இந்த வைரஸ் இருக்காது. ஆனாலும் நோய் மாட்டுப் பாலை மற்றப் பாலோடு கலந்து சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். வைத்தியத்துக்கு ஊசி மருந்து போட்டிருந்தால் எத்தனை நாள் அந்தப் பாலைப் பயன்படுத்தக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக் காதுவில்லை எண்ணோடு எழுதி வையுங்கள்.

தேறிய பிறகு

வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறிவிடும், கால் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். மாடு தின்ன ஆரம்பித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். தேறிய மாட்டின் தொண்டைக்குள் வைரஸ் மாதக்கணக்காக, சிலவற்றில் வருடக்கணக்காகத் தங்கியிருக்கும். அதிலிருந்து மற்ற மாட்டுக்குப் பரவுவது அரிதுதான். என்றாலும் கடைசி மாட்டின் கடைசிப் புண் ஆறிய பின் ஒரு மாதமாவது கட்டுத்தரைக்குள் மாடு வருவதும் போவதும் வேண்டாம். அதற்குள் தரை, சுவர், தொட்டி எல்லாவற்றையும் இருமுறை சலவை சோடாவால் கழுவிக் காயவிடுங்கள், பழைய கயிறுகளை எரித்துவிடுங்கள்.

குளம்பு கோணலாக வளர ஆரம்பித்தால் வெட்டிவிட ஆள் பாருங்கள். பருவத்துக்கு வராமலோ சினை நிற்காமலோ இருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், தாது உப்புக் கலவை தினமும் கொடுங்கள், பருவத்துக்குப் பருவம் சினை ஊசி போட்டுப் பணத்தை விடாதீர்கள். சில மாடுகள் மட்டும் பிறகு எப்போதும் வெயில் தாங்காது. ரோமம் அடர்ந்து நீளமாக வளரும், நிழலிலும் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும். கோமாரி விட்டுச்சென்ற கோளாறு அது. சந்தையில் அப்படி ஒரு மாடு விலை மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் மாடே அப்படி ஆனால் மதியத்தில் தண்ணீர் தெளித்து, கூரைமேல் தென்னங்கீற்றுப் போட்டு, மேய்ச்சலை விடிகாலைக்கும் அந்திக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஊசி எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, கட்டுத்தரைக் கதவின் உட்புறம் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். என் கதவில் 2014-இலிருந்து தேதிகள் இருக்கின்றன, வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு பலகையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.